யூயூ முதுகைத் திருப்பிக்கொண்ட நாட்கள்

தைனான்
1998 நவம்பர் 8

அன்புள்ள யுவே-ஓ அக்காவுக்கு,

பாவ்-யுன் எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொய்யாத் தோட்டத்துக்கு வந்து என் கிளி யூயூவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவள். நீங்களும் தோட்டமும் நலமாக இருக்க போதிசத்துவர் குவான்யின் அருள வேண்டுகிறேன். இத்துடன் ஒரு பொட்டலம் உலர்ந்த லோங்கான் பழம் வரும். முப்பத்தெட்டு நாள் யூயூவை வைத்துக் காப்பாற்றியதற்கு அது ஈடாகாது. ஆனாலும் வெறுங்கடிதம் அனுப்ப மனசு வரவில்லை.

போனில் பேசாமல் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் இருப்பது என் கணவர் அ-தெங் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றி இன்னும் ஏழு வாரம் முழுசாக ஆகவில்லை. கவலைப்படும்படி எதுவும் அவர் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தவிர, நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம்தான். மற்ற எழுத்தெல்லாம் சூத்திரங்களைப் பார்த்து எழுதிப் படித்தது. பேசினால் உளறுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும்.

விஷயம் இதுதான். யூயூ என்னிடம் வருவதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இறகு முளைக்காத குஞ்சாக வாங்கி, சின்னக் கரண்டியில் கஞ்சி ஊட்டி வளர்த்தேன். நான் அரிசி களையும்போது தோளில் உட்கார்ந்துகொண்டு, "சாப்டியா? சாப்டியா?" என்று காதைக் குடையும். நான் ஓத உட்கார்ந்தால் தானும் "அமித்தாபா" என்று புத்தர் பெயரைக் கூடவே சொல்லும். இப்போது நான் அறைக்குள் வந்தால் கூண்டின் கடைசி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. கத்துவதில்லை, கடிப்பதில்லை. முதுகைத்தான் காட்டுகிறது.

குஞ்சாக இருந்த நாளிலிருந்து தினமும் காலையில் எடை போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். காணாமல் போவதற்கு முன் 112 கிராம். உங்களிடமிருந்து கொண்டுவந்த அன்று 104. இன்று 97.

அ-தெங் கேலி செய்கிறார். "என்னம்மா, உன் புள்ளை உன்னை அடையாளமே தெரியாத மாதிரி இருக்கு? கொய்யாக்காரம்மா வீட்டுச் சமையல்ல மயங்கிடுச்சோ?" நானும் சிரித்து வைக்கிறேன்.

அன்று உங்கள் தொப்பியைப் பிடித்திருந்த அதன் நகங்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேனே, அது கண்ணை விட்டுப் போகவில்லை. நீங்கள் என்ன கொடுத்தீர்கள், எந்த நேரத்தில் கொடுத்தீர்கள், எப்படிக் கூப்பிட்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அதேபோல் செய்து பார்க்கிறேன்.

வணக்கத்துடன்,
சாய் பாவ்-யுன்


யென்சாவ்
நவம்பர் 14

பாவ்-யுன்,

லோங்கான் வந்துச்சு. பாதி தீந்துபோச்சு. எனக்கு உன்ன மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், பொறுத்துக்கோ.

என்ன குடுத்தேன்னு கேட்டே. ஒண்ணும் பெருசா இல்ல. காலைல கொய்யாவுக்குப் பை கட்டப் போவேன், அது என் தொப்பி மேல உக்காந்து வரும். பிஞ்சைக் கடிச்சுத் துப்பும். "ஏய் கொள்ளைக்காரா, அது மார்க்கெட்டுக்குப் போற பழம்டா"ன்னு திட்டுவேன். அதுவும் திருப்பித் திட்டும். அவ்வளவுதான். நான் அதைக் கூப்பிட்டதே இல்ல. என் பாட்டுக்கு வேலை செஞ்சேன், அது பாட்டுக்கு வந்துச்சு.

முதல் நாள் பாக்கணுமே நீ. மரத்து உச்சில உக்காந்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்திக்கிட்டு, "அமித்தாபா, அமித்தாபா"ன்னு ஒரே சத்தம். சாமியார் ஒருத்தர் பட்டினி கிடந்து மரத்துல ஏறிட்டாரோன்னு நெனச்சேன். தொப்பியைப் போட்டுப் பிடிச்சேன்.

உயிரோட கிடைச்சதே பெருசு. எங்க தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அகோங்தியன் நீர்த்தேக்கம் இருக்கு இல்ல, அங்க மாசம் ஒருதரம் சாம்பல் அங்கி போட்டவங்க பஸ்ல வந்து இறங்குவாங்க. மணி அடிச்சு, ஓதி, கூண்டு கூண்டாக் குருவியும் புறாவும் திறந்து விடுவாங்க. புண்ணியமாம். மறுநாள் காலைல நான் வாளி எடுத்துக்கிட்டு மரத்துக்கு மரம் செத்ததைப் பொறுக்கணும். போன மாசம் நாப்பத்தியொண்ணு. கூண்டுல பொறந்ததுக்கு எங்க தண்ணி, எது தீனின்னு என்ன தெரியும்? அவங்க மூஞ்சிலயே அந்த வாளியைக் கவுக்கணும்னு இருக்கு எனக்கு.

சரி, அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கணும். ஜன்னல் வழியாப் போச்சுன்னு சொன்னே. தைனான்லருந்து இங்க நாப்பது கிலோமீட்டர். ஒன்பது வருஷமா தோளை விட்டு இறங்காத கிளி, நாப்பது கிலோமீட்டர் எதுக்குப் பறந்துச்சு? உங்க வீட்டு ஜன்னல் அவ்வளவு அகலமா?

அது போன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுது. எதுக்கு மிரண்டதுன்னு தெரிஞ்சாத்தான் எதை மாத்தணும்னு சொல்ல முடியும்.

பெங் யுவே-ஓ


தைனான்
நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தொப்பியைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். சந்தையில் அதேபோல் ஒரு கூம்புத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு கூண்டுக்கு முன்னால் நின்றேன். யூயூ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அ-தெங்தான், "யாரு இது, நாத்து நடப் போறியா?" என்றார்.

இப்போது இறகைப் பிடுங்கத் தொடங்கிவிட்டது. கூண்டுத் தட்டில் விழுவதை எண்ணி வைக்கிறேன். வியாழன் ஆறு, வெள்ளி ஒன்பது, நேற்று பதினாறு. மார்பில் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் தெரிகிறது. எடை 94.

நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலை ஐந்தரைக்குக் கூண்டைப் பூஜை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஓதலுக்குத் தாளம் போடும் மரமீனைத் தட்டி, கைமணி அடித்து, முன்பு ஓதியதைவிட நூற்றெட்டு முறை அதிகமாக ஓதுகிறேன். பழைய குரல் காதில் விழுந்தால் பழைய பழக்கம் திரும்பும் என்ற நம்பிக்கைதான். ஓதும்போதுதான் இறகு அதிகம் விழுகிறது. ஏதோ பழைய வினை வெளியே வருகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

பக்தி உள்ளவர்களைப் பற்றி இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க வேண்டாம் அக்கா. அவர்களும் நல்லதை நினைத்துத்தான் செய்கிறார்கள்.

ஜன்னலைப் பற்றி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அ-தெங் கிழிந்த கொசுவலையைச் சரிபார்க்கக் கழற்றினார், திரும்ப மாட்டவில்லை. காற்று எப்படி அடித்ததோ, அது எப்படிப் போனதோ, எனக்கு என்ன தெரியும். இப்போது அவர் புது வலை வாங்கி, நெஞ்சில் தையல் இருக்கும்போதே இருபது திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார். நான் தடுத்தும் கேட்கவில்லை.

வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

பாவ்-யுன்


யென்சாவ்
நவம்பர் 29

பாவ்-யுன்,

கேட்டதுக்குப் பதில் வரல. கொசுவலை கதை வந்திருக்கு.

அறுவடை நேரம், எனக்கு நீட்டி எழுத நேரமில்ல. சுருக்கமாச் சொல்றேன். இறகு பிடுங்குற கிளி பொழைக்கிறது கஷ்டம். பிப்ரவரில வர்ற நம்ம புது வருஷப் பண்டிகை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள சரியாகலன்னா நானே பஸ் ஏறி வந்து தூக்கிக்கிட்டு வந்துடுவேன். உன் கிளிதான், இல்லங்கல. ஆனா அது செத்தா உன் கிளியா இருந்து என்ன பிரயோஜனம்?

யுவே-ஓ


தைனான்
டிசம்பர் 9

யுவே-ஓ அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதையும் படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன். அதனால் திரும்பப் படிக்காமல் அனுப்புகிறேன்.

யூயூ ஜன்னல் வழியாகப் போகவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன். நீங்கள் எழுதிய அந்தப் பஸ்ஸில், அந்தச் சாம்பல் அங்கியோடு வந்தேன். அன்று செப்டம்பர் 20, ஞாயிறு. இரண்டு நாளில் அ-தெங்குக்கு அறுவை. வயது அறுபத்திரண்டு, இதயம் பலவீனம், பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் குழுத் தலைவி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடையில வாங்கின குருவியை விடுறதுல என்ன தியாகம் இருக்கு? உனக்கு எது உசுரோ அதை விடு. அப்பத்தான் உன் புருஷன் உசுரு நிக்கும்." அவரைக் குறை சொல்லவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு போனது என் கைகள்.

எல்லோரும் ஓதினார்கள். மரமீன் தட்டினார்கள். மணி அடித்தவுடன் கூண்டுகளைத் திறந்தார்கள். மற்றப் பறவைகள் போய்விட்டன. யூயூ போகவில்லை. வெளியே வந்து என் கைமேல் ஏறிக்கொண்டது. ஒரு கிளையில் வைத்தேன், தோளுக்கு வந்துவிட்டது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் வந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. மூன்றாவது முறை இரண்டு கையாலும் பிடித்து மேலே வீசினேன். அது ஒரு சுற்றுச் சுற்றி மரத்தில் உட்கார்ந்து "அமித்தாபா" என்றது. அவ்வளவுதான், எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "பாருங்க, பாருங்க, கிளிக்கே புரிஞ்சுடுச்சு! பாவ்-யுன், உனக்குக் குடுத்து வெச்சிருக்கு!" என்று என் முதுகைத் தட்டினார்கள்.

பஸ் கிளம்பியது. நான் கடைசி இருக்கையில் இருந்தேன். யூயூ பஸ்ஸுக்குப் பின்னாலேயே பறந்து வந்தது. முதல் வளைவு வரைக்கும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். அடுத்த தடவை கண் திறந்தபோது சாலை மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். எடை எழுதும் நோட்டின் பின்பக்கம் புண்ணியக் கணக்கு எழுதுவேன். தானம், விரதம், ஓதிய எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். அன்றைய தேதிக்கு எதிரே, "உயிர் விடுதலை: ஒன்று" என்று எழுதினேன். கை நடுங்கவில்லை அக்கா. அழகான எழுத்து.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி யூயூவைப் பற்றி. "ஜன்னல் திறந்திருந்தது" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் அந்த வலையைக் கழட்டிட்டு மாட்டாமப் போனேன். என் மேல கோவிச்சுக்காதே." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை, விடுங்க" என்றேன். நான் அவரை மன்னித்தேன். எழுந்து உட்கார முடிந்த நாளிலிருந்து தைனானிலிருந்து காவ்ஷியூங் வரை ஒவ்வொரு பறவைத் தீனிக் கடைக்கும் போன் போட்டு, நோட்டீஸ் அனுப்பிக் கெஞ்சியது அவர்தான். நீங்கள் காங்ஷான் கடையில் பார்த்தது அவர் ஒட்டச் சொன்ன நோட்டீஸ். நான் பக்கத்தில் நின்று தபால் உறைகளுக்குப் பசை தடவிக் கொடுத்தேன்.

உங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, பஸ் நின்ற அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தேன். நீங்கள் தேநீர் கொடுத்து, "பாவம், எவ்வளவு தவிச்சிருப்பே" என்றீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. யூயூவை விட்டதால்தான் அவர் பிழைத்தார் என்றால், திரும்பக் கொண்டுவந்தது கொடுத்ததைப் பறித்ததுபோல் ஆகாதா? அதனால் இல்லை என்றால், நான் செய்தது என்ன? குவான்யின் முன்னால் உட்காருகிறேன், நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூண்டுப் பக்கம் திரும்பினால் அங்கேயும் அப்படித்தான்.

நேற்று இறகு இருபத்திரண்டு. எடை 91.

பாவ்-யுன்


யென்சாவ்
1999 ஜனவரி 3

பாவ்-யுன்,

பஸ் பின்னால பறந்து வந்துச்சுன்னு எழுதியிருந்தே இல்ல, அந்த வரியோட லெட்டரை மடிச்சு டப்பாவுல போட்டேன். மீதியைப் படிக்க ஒரு வாரம் ஆச்சு. பதில் எழுத இவ்வளவு நாள்.

நல்லா இருக்கியான்னு கேக்கத் தோணல. ஆனா கிளிக்காக எழுதுறேன்.

அது மரத்து உச்சில "அமித்தாபா, அமித்தாபா"ன்னு கத்துச்சே, கும்பிடுதுன்னு நெனச்சு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கூப்பிட்டு வேற காட்டினேன். அது கும்பிடல. உன்னைக் கூப்பிட்டிருக்கு. அந்தச் சத்தம் வந்தா நீ பக்கத்துல இருப்பேன்னு ஒன்பது வருஷமாப் பழகியிருக்கு. நாலு நாள் கூப்பிட்டிருக்கு. எனக்கும் இப்ப அந்தச் சிரிப்பை நெனச்சா ஒரு மாதிரியா இருக்கு.

இப்ப நீ என்ன செய்யுறே? தினம் காலைல அதைப் பக்கத்துல உக்கார வெச்சு, அதே மணி, அதே தட்டு, அதே பாட்டு. தூக்கி எறிஞ்ச அன்னைக்குக் கேட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாமக் கேக்க வெக்கிறே. அதுவும் நூத்தெட்டு தடவை கூடுதலா. இறகைப் பிடுங்காம என்ன செய்யும்? இதை நீ முதல் லெட்டர்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். இவ்வளவு இறகும் உன் பொய்யினால விழுந்தது.

மணியை நிறுத்து. தட்டுறதை நிறுத்து. ஓதுறதா இருந்தா வாய்க்குள்ள ஓது. உன் சாமிக்குக் கேக்கும். அதைக் கூப்பிடாதே, கொஞ்சாதே, கூண்டுக்குள்ள கையை விடாதே. கதவைத் திறந்து வெச்சுட்டு உன் வேலையைப் பாரு. வரணும்னா அது வரட்டும். உன்னால வர வெக்க முடியாது.

அப்புறம் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. நெஞ்சுல தையலோட இருபது திருகாணி போட்ட மனுஷன்.

புண்ணியத்தைப் பத்திக் கேட்டிருந்தே. நான் கொய்யா போடுறவ, எனக்குத் தெரியாது. வாளி தூக்குறது மட்டும் தெரியும்.

பண்டிகைக்கு முன்னாடி வருவேன்னு சொன்னது சொன்னதுதான். லோங்கான் அனுப்பாதே.

யுவே-ஓ


தைனான்
பிப்ரவரி 7

யுவே-ஓ அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே மணியையும் மரமீனையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷமாக வாய்விட்டு ஓதியவளுக்கு வாயை மூடிக்கொண்டு உட்காருவது பெரிய வேலை. முதல் சில நாள் உதடு தானாக அசைந்தது. கையால் பொத்திக்கொண்டேன். ஓதும் சத்தத்தில் எனக்கே நான் நல்லவளாகத் தெரிந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அ-தெங்கிடம் ஒரு மத்தியானம் சொன்னேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. முழுசாக உரித்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கிவிட்டுக் கேட்டார்: "என் உசுருக்குப் பதிலா அதைக் குடுத்தியா? என்னைக் கேட்டியா? அதைக் கேட்டியா?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா நீயும் அதுவும் இருப்பீங்கன்னு நெனச்சுத்தான் அந்த ஆபரேஷன் மேசையில படுத்தேன்."

பிறகு ஜன்னல் பக்கம் போய் அந்தத் திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். "மூணு மாசமா இதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலயே வெறுப்பா இருந்துச்சு, பாவ்-யுன்" என்றார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாவது நாள், "சாதம் குழைஞ்சு போச்சு" என்றார். குழையவில்லை. ஆனாலும் "ஆமாம், தண்ணீர் கூடிப்போச்சு" என்றேன். இன்னமும் முன்போல் கேலி செய்வதில்லை. தேவையானதைப் பேசுகிறார்.

தலைவி அம்மாள் பண்டிகைக்கான பெயர்ப் பட்டியலோடு வந்தார். "இந்தத் தடவை பெரிய விடுதலை, ஐந்நூறு உசுரு. உன் பேரை முதல்ல போடட்டுமா?"

"வேண்டாம்மா."

"ஏன்? புருஷன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு, இனி புத்தர் எதுக்குன்னு ஆயிடுச்சா?"

"விட்ட மறுநாள் காலைல ஒரு வாளி எடுத்துக்கிட்டு அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குள்ள போய்ப் பாருங்க, நானும் கூட வரேன்" என்றேன். தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். புண்ணியக் கணக்கில் அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அடித்தால் நடக்காததுபோல் ஆகிவிடும். இருக்கட்டும்.

நீங்கள் சொன்னபடி கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். முதல் பத்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு இறகு விழுவது குறைந்தது. எடை 95 ஆனது. ஒருநாள் நான் காய் நறுக்கும்போது முதுகுக்குப் பின்னால் கம்பு மாறி உட்காரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன்பின் சில நாள் கூண்டின் மேலே வந்து உட்கார்ந்தது. ஒருமுறை சமையல் மேசையின் மறுகோடியில் இறங்கியது. நான் கையைத் துடைக்கப் போனதும் திரும்பப் பறந்துவிட்டது.

பண்டிகைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் கூண்டைத் துடைத்து வாசலில் வைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. உங்கள் தோட்டத்தில் அது திட்டும், கடித்துத் துப்பும், சந்தோஷமாக இருக்கும். அ-தெங்கிடமும் கேட்டேன். "அந்தம்மா வரட்டும். அது யார்கிட்ட போகுதோ போகட்டும்" என்றார். ஆனால் நேற்று நடந்ததை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். உங்களிடம் இனி எதையும் மறைக்கக் கூடாது, அது எனக்குச் சாதகமாக இருந்தாலும் சரி.

நேற்றுக் காலை மேசையில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யூயூ இறங்கி வந்தது. அரிசிக்கு நடுவில் நடந்து என் வலது கைக்குப் பக்கத்தில் நின்றது. அது தலையைச் சாய்த்து, ஆள்காட்டி விரலைப் பார்த்து, கடித்தது. விளையாட்டுக் கடி இல்லை. அலகு எலும்பு வரைக்கும் இறங்கியதுபோல் இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் என்னை அப்படிக் கடித்ததில்லை. ரத்தம் அரிசியில் சொட்டியது.

கையை எடுக்கவில்லை. கடித்துவிட்டுப் பறந்து போகும் என்று இருந்தேன். அது போகவில்லை. விரலை விடவும் இல்லை. கடித்தபடியே தலையைத் தூக்கி, மஞ்சள் வளையம் போட்ட ஒரு கண்ணால் என்னை நேராகப் பார்த்தது. நானும் பார்த்தேன். மூன்று மாதத்தில் இப்போதுதான் அதன் முகத்தைப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் திறந்தேன், கேட்கவில்லை. அ-தெங் வாசல்படியில் வந்து நின்றதுகூட எனக்குத் தெரியாது.

பிறகு விரலை விட்டது. என் மணிக்கட்டில் ஏறி முழங்கை வரைக்கும் நடந்தது. அங்கே நின்று யோசித்தது. தோளுக்கு வரவில்லை. வந்த வழியே இறங்கி, மேசையில் நடந்து, தானாகக் கூண்டுக்குள் போனது.

"ரெண்டு தையல் போடணும் போலிருக்கே" என்றார் அ-தெங். துணி கொண்டுவந்து அவரே கட்டிவிட்டார்.

கட்டு பெரியது, பேனா பிடிக்க வரவில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பாவ்-யுன்